மூர்களும் கிறிஸ்தவர்களும் ஒரே தட்டில்: கியூபாவின் சோற்றுக்கடைகள் சொல்லும் வரலாறு

2000 ஆம் ஆண்டு செப்டெம்பர் முதல் வாரத்தில் நியூயோர்க் நகரில் ஐக்கிய நாடுகளின் மிலேனியம் உச்சிமாநாடு நடைபெற்றது. உரையாற்றுவதற்கு ஒவ்வொரு தலைவருக்கும் ஐந்து நிமிடங்களே ஒதுக்கப்பட்டிருந்தன. நேரம் முடிந்துவிட்டதை உணர்த்தும் விளக்கைத் தனது கைக்குட்டையால் மூடிவிட்டுக் கியூப ஜனாதிபதி பிடல் காஸ்ட்ரோ பேசத் தொடங்கியபோது சபையில் சிரிப்பொலி எழுந்தது. அந்த மாநாட்டின்போதுதான் அவரும் அமெரிக்க ஜனாதிபதி பில் கிளின்டனும் கைகுலுக்கிக்கொண்டார்கள். நான்கு தசாப்தகாலப் பகைமைக்குப் பிறகு நிகழ்ந்த அந்தச் சில விநாடிகள் உலகெங்கும் தலைப்புச் செய்தியாகின.

செய்தி சேகரிப்பதற்காக அங்கு சென்றிருந்த எனக்கு இன்றும் பசுமையாக நினைவில் நிற்பது அந்தக் கைகுலுக்கல் அல்ல, அந்த வாரத்தில் உண்ட ஒரு வேளை உணவே. ஐ.நா. தலைமையகத்தைச் சூழவுள்ள உணவகங்களின் விலைகள் எனது கைச்செலவுப் பணத்துக்குக் கட்டுப்படியாகவில்லை. அந்நகரில் நீண்டகாலம் வாழ்ந்த நண்பர் ஒருவர், புரோட்வேயும் 78 ஆம் வீதியும் சந்திக்கும் மூலையில் இருந்த 'லா கரிடாட்' என்ற கடைக்கு என்னை அழைத்துச் சென்றார். கியூபாவின் காவல் தெய்வமாகப் போற்றப்படும் மாதாவின் பெயரைத் தாங்கிய கடை அது. ஆனால் உள்ளே பரிமாறியவர்கள் அனைவரும் சீனர்கள். அவர்கள் வாடிக்கையாளர்களுடன் ஸ்பானிய மொழியில் சரளமாக உரையாடினார்கள். பத்து டொலருக்குள், தட்டு நிரம்பச் சோறும் கறுப்பு அவரையும், நாராகப் பிய்த்து வேகவைத்த மாட்டிறைச்சியும், பொரித்த கனிந்த வாழைப்பழமும் வந்துசேர்ந்தன.

இடநெருக்கடி காரணமாக எமது மேசையில் வந்தமர்ந்த வாடகைக்கார் சாரதி ஒருவர், நான் யார், எந்த நாடு என்று விசாரித்தார். மாநாட்டுச் செய்தியாளன் என்று தெரிந்ததும் தனது கதையைச் சொன்னார். 1980 இல் மரியேல் துறைமுகத்தில் இருந்து படகுகளில் புளோரிடாவுக்குச் சென்ற சுமார் 125,000 கியூபர்களில் அவரும் ஒருவர். என் தட்டில் இருந்த அந்த மாட்டிறைச்சிக் கறியைச் சுட்டிக்காட்டி, ஹவானாவில் தனது தாயார் அதைச் சமைத்துத் தந்த காலத்தில் தான் சிறுவனாக இருந்ததாகவும், அதன் பின்னர் அதனை வயிறார உண்டது இந்தச் சீனரின் கடையில்தான் என்றும் கூறினார்.

கியூபாவின் அசல் உணவைக் கியூபாவைச் சேர்ந்த ஒருவர், அந்த நாட்டின் மீது பொருளாதாரத் தடை விதித்திருக்கும் நாட்டில், சீனர் ஒருவரின் கடையில்தான் மலிவாகச் சாப்பிட முடிந்தது என்றால், அதன் பின்னால் ஒரு நீண்ட வரலாறு இருந்தாக வேண்டும். பல வருடங்களாக அந்த வரலாற்றைத் தேடி வாசித்ததன் பயனே இக்கட்டுரை.

அந்தத் தட்டில் இருந்தே தொடங்குவோம். கியூப உணவில் ஐரோப்பியர் வருவதற்கு முன்பிருந்தே இருப்பது மரவள்ளி. தீவின் பூர்வகுடிகளான தைனோ மக்கள் மரவள்ளிக் கிழங்கைத் துருவி, நச்சுச் சாற்றைப் பிழிந்தெடுத்துவிட்டு, 'கசாபே' எனப்படும் தட்டையான ரொட்டியைச் சுட்டார்கள். இன்றும் அவித்த மரவள்ளியின் மீது உள்ளியும் புளிப்புத் தோடம்பழச் சாறும் கலந்த எண்ணெயை ஊற்றி உண்பது கியூபர்களின் வழக்கம். யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் அவித்த மரவள்ளியைச் சம்பலுடன் உண்டு பழகிய எமக்கு அது அந்நியமான உணவல்ல. எமது மரவள்ளியின் பூர்வீகமும் தென்னமெரிக்காதான்.

கறுப்பு அவரையைச் சோற்றுடன் சேர்த்துச் சமைக்கும் உணவுக்கு 'மூர்களும் கிறிஸ்தவர்களும்' என்று பெயர். கறுப்பு அவரை மூர்களையும் வெள்ளைச் சோறு கிறிஸ்தவர்களையும் குறிக்கின்றன. ஸ்பெயினில் பல நூற்றாண்டுகள் நீடித்த மதப்போரின் நினைவை ஸ்பானியர்கள் அட்லாண்டிக் சமுத்திரத்தைக் கடந்து ஒரு சமையல் சட்டிக்குள் கொண்டுவந்து சேர்த்தார்கள். இலங்கையின் முஸ்லிம்களை 'மூர்' என்று போர்த்துக்கேயர் அழைத்ததும் அதே ஐபீரிய நினைவின் விளைவுதான் என்பதை வாசகர்கள் அறிவர்.

ஆனால், அந்தத் தட்டின் பெரும்பகுதியை நிர்ணயித்தது சீனி. கரும்புத் தோட்டங்களுக்காக ஆபிரிக்காவில் இருந்து எட்டு இலட்சம் பேர் வரையில் அடிமைகளாகக் கியூபாவுக்குக் கொண்டுவரப்பட்டனர். அவர்களில் பெரும்பாலானோர் வந்தது 19 ஆம் நூற்றாண்டில். அவர்களுக்கு மலிவாக உணவளிப்பதற்காகத் தென்னமெரிக்காவில் இருந்து உப்பிட்டுக் காயவைத்த மாட்டிறைச்சியும், வட அட்லாண்டிக்கில் இருந்து உப்புக் கருவாடும் இறக்குமதி செய்யப்பட்டன. கிழங்கும் வாழைக்காயும் தோட்டத்திலேயே விளைந்தன. அடிமைகளுக்கான அந்த உணவுதான் பின்னர் தேசிய உணவாகியது. ஆபிரிக்க அடிமைகளின் வரத்து நெருக்கடிக்குள்ளானபோது தோட்ட முதலாளிகள் சீனாவின் பக்கம் திரும்பினர். 1847 தொடக்கம் 1874 வரை சுமார் 125,000 சீனர்கள் எட்டு வருட ஒப்பந்தத்தில், மாதம் நான்கு பெசோ கூலிக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். இலங்கையின் கோப்பித் தோட்டங்களுக்குத் தென்னிந்தியாவில் இருந்து மலையகத் தமிழரின் மூதாதையர் கொண்டுவரப்பட்டதும் அதே தசாப்தங்களில்தான். அடிமைமுறை கியூபாவில் ஒழிக்கப்பட்டது 1886 இல்.

ஒப்பந்தக்காலம் முடிந்த சீனர்கள் ஹவானாவின் சான்ஹா வீதியைச் சூழக் குடியேறி, காய்கறி விற்றார்கள், துணி வெளுத்தார்கள், சாப்பாட்டுக் கடை வைத்தார்கள். 'ஃபோண்டா' எனப்பட்ட இந்தச் சிறிய சோற்றுக்கடைகளில் சீன உணவும் கியூப உணவும் அருகருகே கிடைத்தன. சோறு, அவரை, ஏதாவதோர் இறைச்சி, வாழைக்காய் அல்லது கிழங்கு என்று எல்லாம் ஒரே விலையில் அடங்கும் தட்டுக்கு 'கொம்ப்லேத்தா', அதாவது முழுச் சாப்பாடு என்று பெயர். துறைமுகத் தொழிலாளியும் சில்லறை வியாபாரியும் மாணவனும் பத்திரிகையாளனும் அங்கே ஒன்றாக அமர்ந்து சாப்பிட்டார்கள்.

பிற்காலத்தில் உலகப் புகழ்பெற்ற 'லா போதெகிட்டா தெல் மேதியோ'வின் ஆரம்பமும் எளிமையானதே. 1942 இல் பழைய ஹவானாவின் எம்பெதிராதோ வீதியில் இருந்த ஒரு பலசரக்குக் கடையை ஆங்ஹேல் மார்ட்டினெஸ் என்பவர் வாங்கினார். பக்கத்தில் இருந்த அச்சகத்தைத் தேடிவந்த எழுத்தாளர்களுக்கும் நண்பர்களுக்கும் சோறும் அவரையும் பன்றி இறைச்சியும் சமைத்துக் கொடுத்ததில் இருந்தே அது உணவகமாக வளர்ந்தது. இன்று அங்கே அமர்ந்திருப்பவர்களில் பெரும்பாலானவர்கள் உல்லாசப் பிரயாணிகள்.

மானிடவியல் அறிஞர் பெர்னாண்டோ ஓர்த்திஸ், கியூபாவை 'அஹியாக்கோ' என்ற கூட்டுக் குழம்புக்கு ஒப்பிட்டார். கிழங்குகள், சோளம், பலவகை இறைச்சிகள் என்று கிடைத்ததையெல்லாம் போட்டுக் கொதிக்கவிடும் குழம்பு அது. வெளியே எடுக்க எடுக்க உள்ளே புதிதாக ஏதாவது சேர்ந்துகொண்டேயிருக்கும். அந்தச் சட்டி ஒருபோதும் அடுப்பில் இருந்து இறக்கப்படுவதில்லை என்பதே அவரது கருத்தின் சாரம்.

1959 ஜனவரியில் புரட்சி வெற்றிபெற்றது. கிராமப்புறங்களில் பசியும் போசாக்கின்மையும் பரவலாக இருந்த நாட்டில் உணவைச் சமமாகப் பங்கிடுவது புதிய அரசாங்கத்தின் முதன்மைக் கடமைகளில் ஒன்றாக இருந்ததில் வியப்பில்லை. ஏழைகளின் கையில் பணம் சேர்ந்தது. உணவுக்கான கேள்வி அதிகரித்தது. மறுபுறத்தில், நிலச்சீர்திருத்தத்தின் குழப்பங்களினால் உற்பத்தி தளம்பியது. 1962 பெப்ரவரியில் அமெரிக்க ஜனாதிபதி ஜோன் எவ். கென்னடி முழுமையான வர்த்தகத் தடையை நடைமுறைக்குக் கொண்டுவந்தார். அடுத்த மாதமே, 1962 மார்ச் 12 ஆம் திகதி, பங்கீட்டுமுறைக்கான சட்டம் கியூபாவில் பிரகடனம் செய்யப்பட்டது. ஒருவருக்கு மாதத்துக்கு ஆறு இறாத்தல் அரிசி என்ற கணக்கில் 'லிப்ரெத்தா' என்ற சிறிய புத்தகம் ஒவ்வொரு குடும்பத்தின் கைக்கும் வந்தது. தற்காலிக ஏற்பாடு என்று கருதப்பட்ட அந்தப் புத்தகம் ஆறு தசாப்தங்களுக்குப் பின்னரும் கைவிடப்படவில்லை.

கூப்பன் அட்டையுடன் வளர்ந்த இலங்கையர்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஒரு கொத்து அரிசியின் விலையை 25 சதத்தில் இருந்து 70 சதமாக உயர்த்தியதன் விளைவாக 1953 ஆகஸ்டில் வெடித்த ஹர்த்தால் ஒரு பிரதமரையே பதவி விலகச் செய்தது. 1970 களில் விடியற்காலையில் சங்கக்கடையின் முன்னால் பாணுக்காக வரிசையில் நின்ற சிறுவர்களில் நானும் ஒருவன். வாரத்தில் சில நாட்களில் சாப்பாட்டுக் கடைகளில் சோறு பரிமாறக்கூடாது என்று கட்டுப்பாடு இருந்த காலம் அது. பங்கீடு ஒரு கையால் எவரும் பட்டினி கிடக்காமல் காக்கிறது. மறுகையால் எவரும் விரும்பியதை உண்ண முடியாமல் தடுக்கிறது. இரண்டையும் ஒருசேர அனுபவித்தவர்களே அதை நிதானமாக மதிப்பிட முடியும்.

வீட்டுச் சமையலறைக்குப் பங்கீடு வந்த பின்னர், தெருவோரச் சோற்றுக்கடையின் முறை 1968 இல் வந்தது. அந்த ஆண்டு மார்ச் 13 ஆம் திகதி நிகழ்த்திய உரையில் காஸ்ட்ரோ 'புரட்சிகரத் தாக்குதலை' அறிவித்தார். எஞ்சியிருந்த ஐம்பதாயிரத்துக்கும் அதிகமான சிறு வியாபார நிலையங்கள் அரசுடைமையாக்கப்பட்டன. பெரும் கம்பனிகள் அல்ல. பொரித்த பண்டங்களை விற்ற தள்ளுவண்டிகள், மதுச்சாலைகள், சலூன்கள், சப்பாத்துத் திருத்துபவரின் சிறுகடைகள். சான்ஹா வீதிச் சீனரின் ஃபோண்டாக்களும் தப்பவில்லை. ஒரு தலைமுறை உழைத்து உருவாக்கிய அடுப்புகள் ஒரே மாதத்தில் அரசாங்கத்தின் சொத்தாகின. 1970 இல் ஒரு கோடி தொன் சீனி உற்பத்தி செய்வது என்ற இலக்கை நோக்கி முழு நாடும் கரும்புத் தோட்டங்களுக்கு அழைக்கப்பட்ட காலம் அது. அந்த இலக்கு எட்டப்படவில்லை. 85 இலட்சம் தொன்னே கிடைத்தது. மூடப்பட்ட சோற்றுக்கடைகளோ கால் நூற்றாண்டுக்குத் திறக்கப்படவில்லை.

கடையை இழந்தவர்கள் என்ன செய்தார்கள்? அவர்களில் கணிசமானோர் வெளியேறினார்கள். 1965 தொடக்கம் 1973 வரை இடம்பெற்ற விமானப் பயணங்களில் மாத்திரம் இரண்டரை இலட்சத்துக்கும் அதிகமான கியூபர்கள் அமெரிக்கா சென்றார்கள். மியாமியின் எட்டாவது வீதி 'கய்யே ஓச்சோ' ஆகியது. 1971 இல் அங்கு திறக்கப்பட்ட 'வெர்சாய்' உணவகத்தின் சிறிய யன்னலின் முன்னால் நின்று இனிப்புக் கோப்பி அருந்தியவாறு காஸ்ட்ரோவின் வீழ்ச்சியைப் பற்றி விவாதிப்பது ஒரு தலைமுறையின் தினசரிச் சடங்காகியது. 2016 நவம்பரில் அவர் காலமான செய்தி வந்த இரவிலும் மக்கள் திரண்டது அந்த உணவகத்தின் முன்னால்தான்.

கியூபச் சீனர்களில் பலர் நியூயோர்க்கைத் தெரிவுசெய்தனர். சீனாவில் இருந்து கியூபாவுக்கும், கியூபாவில் இருந்து அமெரிக்காவுக்குமாக இரண்டு தடவைகள் நாடு மாறியவர்கள் அவர்கள். தங்களது கடைகளின் பெயர்ப்பலகைகளில் 'சீன, கியூப உணவுகள்' என்று ஸ்பானிய மொழியில் எழுதினார்கள். 1968 இல், ஹவானாவில் ஃபோண்டாக்கள் பறிபோன அதே ஆண்டில், நான் மேலே குறிப்பிட்ட 'லா கரிடாட்' திறக்கப்பட்டது. ஹவானாவில் அணைந்த அடுப்பு புரோட்வேயில் மூட்டப்பட்டது என்றே சொல்லவேண்டும்.

தீவுக்குள்ளே இருந்தவர்களின் கதையைச் சொல்வதற்கு நித்சா வில்லபோல் என்ற பெண்மணியைக் குறிப்பிடாமல் இருக்கமுடியாது. புரட்சிக்கு முன்னரே தொலைக்காட்சியில் சமையல் நிகழ்ச்சியைத் தொடங்கி, புரட்சிக்குப் பின்னரும் தொடர்ந்து, சுமார் நான்கு தசாப்தங்கள் கியூபர்களுக்குச் சமைக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர். ஆரம்பத்தில், ஓர் உணவைத் தீர்மானித்துவிட்டு அதற்குத் தேவையான பொருட்களைப் பட்டியலிட்டவர், பின்னர் கடையில் என்ன கிடைக்கிறது என்பதை முதலில் பார்த்து, அதைக்கொண்டு என்ன சமைக்கலாம் என்று சொல்லிக்கொடுத்தார். பஞ்சத்தை மறைப்பதற்குத் துணைபோனார் என்று அவரை ஏசியவர்களும் உண்டு. வெளிநாட்டுக்குப் புறப்பட்டபோது அவரது சமையல் புத்தகத்தைப் பயணப்பொதிக்குள் வைத்துக்கொண்டவர்களும் உண்டு.

1991 இல் சோவியத் ஒன்றியம் வீழ்ந்தது. கியூபாவின் சீனியைக் கூடுதல் விலைக்கு வாங்கி எண்ணெயையும் கோதுமையையும் கொடுத்துவந்த சந்தை மறைந்தது. சில வருடங்களுக்குள் பொருளாதாரம் மூன்றில் ஒரு பங்கினால் சுருங்கியது. 'விசேட காலகட்டம்' என்று அரசாங்கம் பெயர் சூட்டிய அந்த வருடங்களில் மக்கள் கண்கூடாக மெலிந்தார்கள். 1992 – 93 காலப்பகுதியில் போசாக்குக் குறைபாட்டுடன் தொடர்புடைய நரம்பு நோயினால் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். பலரின் பார்வை மங்கியது. பழத்தின் தடித்த தோலை ஊறவைத்துப் பொரித்து, இறைச்சியென்று எண்ணி உண்ட கதைகளை அந்தத் தலைமுறையினர் இன்றும் சொல்வார்கள்.

அந்தக் காலகட்டத்தில்தான் கியூபத் தொலைக்காட்சியில் 'வலே தூதோ' என்ற பிரேசில் நாட்டுத் தொடர் நாடகம் ஒளிபரப்பாகியது. கையில் காசில்லாத ஒரு தாய், கடற்கரையில் சாண்ட்விச் விற்று, படிப்படியாக உயர்ந்து, 'பலடார்' என்ற பெயரில் உணவகங்களை நடத்தும் நிலைக்கு வருகிறாள். பலடார் என்றால் அண்ணம். நாவின் ருசி என்றும் பொருள்கொள்ளலாம். பசியுடன் அந்த நாடகத்தைப் பார்த்த கியூபர்கள் தங்களது வீட்டு முன்னறையில் மேசை போட்டு இரகசியமாகச் சோறு விற்கத் தொடங்கினார்கள். அந்த வீடுகளையும் பலடார் என்றே அழைத்தார்கள்.

அரசாங்கம் தயங்கித் தயங்கியே இடங்கொடுத்தது. 1993 செப்டெம்பரில் சுயதொழில்கள் சட்டபூர்வமாக்கப்பட்டன. ஆனால் அதே வருட இறுதியில் வீட்டு உணவகங்களுக்கான அனுமதி நிறுத்தப்பட்டது. 1995 ஜூனில் மீண்டும் அனுமதி கிடைத்தபோது நிபந்தனைகள் கடுமையாக இருந்தன. 12 நாற்காலிகளுக்கு மேல் போடக்கூடாது. குடும்பத்தினரே வேலை செய்யவேண்டும். மாட்டிறைச்சியும் இறாலும் சிங்கி இறாலும் பரிமாறக்கூடாது. வருமானம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாதாந்த வரி செலுத்தியாக வேண்டும். பதின்மூன்றாவது நாற்காலி சட்டவிரோதமானது என்ற நிலையிலும் அந்த வீடுகளில் அடுப்பு எரிந்தது. மாட்டிறைச்சியில் செய்யவேண்டிய 'ரோப்பா வியேஹா'வை ஆட்டிறைச்சியில் சமைத்தார்கள். 'பழைய துணி' என்று பொருள்படும் அந்தப் பெயரைக் கொண்ட உணவுதான் நியூயோர்க்கில் என் தட்டில் இருந்தது.

2008 இல் ராவுல் காஸ்ட்ரோ ஜனாதிபதியாகப் பொறுப்பேற்ற பின்னர் கட்டுப்பாடுகள் தளர்ந்தன. 2010 இல் 20 நாற்காலிகள், 2011 இல் 50 நாற்காலிகள் என்று எண்ணிக்கை உயர்ந்தது; வெளியாரை வேலைக்கு அமர்த்தவும் அனுமதி கிடைத்தது. 2016 மார்ச்சில் ஹவானா சென்ற பராக் ஒபாமா குடும்பத்துடன் இராப்போசனம் உண்டது 'சான் கிறிஸ்டோபல்' என்ற பலடாரில். பட்டினிக்கு மத்தியில் பிறந்த வீட்டுச் சோற்றுக்கடை ஓர் அமெரிக்க ஜனாதிபதியின் மேசையாக மாறுவதற்கு இருபது வருடங்களே எடுத்தன.

ஆனால், யாருக்காக அந்த மேசை என்ற கேள்வி எஞ்சியிருக்கிறது. பெயர்பெற்ற பலடார்களின் ஒரு வேளை உணவின் விலை அரசாங்க ஊழியர் ஒருவரின் மாதச் சம்பளத்தின் பெரும்பகுதியை விழுங்கிவிடும். 2021 ஜனவரியில் நாணய மறுசீரமைப்பு வந்தது, பணவீக்கம் தலைவிரித்தாடியது. அதே வருடம் ஜூலையில் உணவும் மருந்தும் மின்சாரமும் கேட்டு மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். மறு வருடம் இலங்கையில் நாம் கண்ட காட்சிகளுக்கு அது ஒரு முன்னோட்டம் போல இருந்தது. 2024 தொடக்கத்தில் சராசரி மாதச் சம்பளம் 5,000 பெசோவைக்கூட எட்டாத வேளையில், 30 முட்டைகள் கொண்ட ஒரு தட்டு சுமார் 3,000 பெசோவுக்கு விற்பனையானது. அந்த ஆண்டு பெப்ரவரியில் குழந்தைகளுக்கான பால்மாவுக்கு உலக உணவுத் திட்டத்தின் உதவியை அரசாங்கம் நாடியது. செப்டெம்பரில், பங்கீட்டில் வழங்கப்படும் பாணின் நிறை 80 கிராமில் இருந்து 60 கிராமாகக் குறைக்கப்பட்டது. சீனிக்காக இத்தனை இலட்சம் மனிதர்களைக் கடல் கடத்திக் கொண்டுவந்த தீவு இன்று சீனியை இறக்குமதி செய்கிறது. வர்த்தகத் தடையில் உணவுக்கு விதிவிலக்கு அளித்து 2000 ஆம் ஆண்டில் நிறைவேற்றப்பட்ட சட்டத்தின் பயனாக, உறைந்த கோழி இறைச்சி அமெரிக்காவில் இருந்தே கியூபாவுக்கு வருகிறது என்பது வரலாற்றின் இன்னொரு முரண்நகை.

இந்த நிலைமைக்கு அமெரிக்காவின் தடையே காரணம் என்று ஒரு சாராரும், அரசாங்கத்தின் கொள்கைகளே காரணம் என்று மறுசாராரும் அறுபது வருடங்களாக வாதிட்டு வருகின்றனர். 1962 பெப்ரவரியையும் 1968 மார்ச்சையும் ஒருசேர நினைவில் வைத்திருப்பவர்கள் இரண்டில் எதையும் மறுக்கமாட்டார்கள். ஒன்று அரிசி மூட்டையைத் தடுத்தது; மற்றையது அடுப்பை அணைத்தது.

'லா கரிடாட்' 2020 இல், கொவிட் பெருந்தொற்றின் மத்தியில் மூடப்பட்டது. அச்செய்தியை வாசித்தபோது அந்தச் சாரதியை நினைத்துக்கொண்டேன். அன்று மாலை புறப்படும்போது அவர் தனது தட்டில் ஓர் அவரையைக்கூட மீதம் வைக்கவில்லை. மலிவான, அசலான உணவகம் என்று உல்லாசப் பிரயாணிகளுக்கான கைநூல்கள் இலகுவாக எழுதிவிடுகின்றன. ஓர் உணவு அசலானதா என்பதை அதன் சேர்மானங்களைக் கொண்டு தீர்மானிப்பதைவிட, அதைப் படைத்த மக்கள் தமது சொந்த ஊரில், தமது சொந்த உழைப்பில் கிடைத்த காசைக் கொடுத்து அதனை உண்ண முடிகிறதா என்பதைக் கொண்டு தீர்மானிப்பதே நியாயமானது. அந்த அளவுகோலின்படி, ஹவானாவின் சோற்றுக்கடை இன்னமும் முழுமையாகத் திறக்கப்படவில்லை.